புது பைக் வாங்கும்போது: ஓடோமீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

புது பைக்கின் ஓடோமீட்டர் பூஜ்ஜியத்தில்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பிலிருந்தே பாதிக் குழப்பம் தொடங்குகிறது. தொழிற்சாலையிலேயே வண்டியை உருளைகளின் மேல் ஏற்றி, கியர் மாற்றி, பிரேக் பிடித்துச் சோதிப்பார்கள். அப்புறம் லாரியில் ஏற்றி இறக்குவது, கிடங்கிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவருவது, ஒப்படைக்கும் முன் மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது என்று சில கிலோமீட்டர் சேரத்தான் செய்யும். ஒற்றை இலக்கம் என்றால் கவலையே வேண்டாம். கிடங்கு தள்ளி இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடலாம். ஐம்பது, நூறு என்று காட்டினால் மட்டும் காரணம் கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால் வேறு வண்டி கேளுங்கள்.

யாரோ ஒருவர் டெஸ்ட் ரைடு போயிருந்தால் இன்ஜின் கெட்டுவிடுமா? இந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. புது இன்ஜினின் சிலிண்டர் சுவரில் மெல்லிய குறுக்குக் கீறல்கள் போட்டிருப்பார்கள். பிஸ்டன் ரிங்குகள் அந்தச் சுவரோடு உரசிப் படிந்தால்தான் பெட்ரோல் எரிந்து உண்டாகும் வாயு கசியாமல் அடைபடும். இந்தப் படிதல் பெரும்பாலும் தொடக்கக் கிலோமீட்டர்களிலேயே நடக்கிறது. அதற்காக ஒருவர் நிதானமாக இரண்டு தெரு சுற்றி வந்ததால் அது பாழாகிவிடாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: எண்ணெய் சூடாகாத இன்ஜினைப் பலர் மாறி மாறி முறுக்குவது, கிளட்ச்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாக வண்டியைக் கீழே போடுவது. என்னைக் கேட்டால், மீட்டரில் உள்ள எண்ணைவிட வண்டி ஒருமுறையாவது சாய்ந்து விழுந்ததா என்பதுதான் பெரிய கேள்வி.

அதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. கிளட்ச், பிரேக் லீவர்களின் முனை, ஹேண்டில்பாரின் இரு ஓரங்கள், ஃபுட்ரெஸ்டின் நுனி, கண்ணாடியின் வெளிவிளிம்பு, சைலன்சரின் பக்கவாட்டு ஆகியவைதான் விழுந்தால் முதலில் தரையைத் தொடும். அங்கே சிராய்ப்பு இருக்கிறதா, ஒரு பக்கத்து லீவர் மட்டும் புத்தம் புதிதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஹேண்டில் கோணியிருக்கிறதா, எங்காவது இடிக்கிறதா என்று இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். டயரில் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் துணுக்குகள் தரையில் படும் நடுப்பகுதியில் மழுங்கியிருந்தால், வண்டி ஓடியிருக்கிறது. சைலன்சர் குழாய் லேசாகப் பொன்னிறமாக மாறியிருப்பதை மட்டும் ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். துருப்பிடிக்காத எஃகுக் குழாய், நிறுத்திவைத்துச் சில நிமிடம் இன்ஜினை ஓடவிட்டாலே நிறம் மாறும்.

இந்தச் சோதனையை எப்போது செய்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். மாலை போட்டு, படம் எடுத்து, இருட்டிய பிறகு குடும்பத்தோடு நிற்கும்போது யாருக்கும் லீவர் முனையைக் குனிந்து பார்க்க மனம் வராது. பதிவுக்கு முன்பே, முழுப் பணத்தைக் கட்டும் முன்பே, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வண்டி உங்கள் பெயரில் பதிவாகிவிட்டால் மாற்றித் தரச் சொல்வது மிகவும் கடினம். பார்த்துச் சரி என்று சொன்ன வண்டியின் சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் எழுதி வாங்குங்கள். ரசீதில் அதே எண்கள்தான் வர வேண்டும். வாய்வார்த்தையாக 'இதுதான் உங்கள் வண்டி' என்று காட்டிவிட்டு வேறொன்றைத் தர இடம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு தவறு நம் பக்கமே இருக்கிறது. வாங்கப்போகும் அதே வண்டியை ஓட்டிப் பார்த்துத்தான் தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பது. நாம் ஓட்டிவிட்டு வேண்டாம் என்று போனால், அது அடுத்தவருக்குப் 'புது' வண்டியாகப் போகும். உயரம், எடை, அதிர்வு எல்லாவற்றையும் டெமோ வண்டியில் தெரிந்துகொள்ளலாம். அந்த டெமோ வண்டியே விற்பனைக்கு வந்தாலும் தப்பில்லை. ஆனால் அது டெமோ வண்டி என்று எழுத்தில் சொல்ல வேண்டும், விலை குறைய வேண்டும், உத்தரவாதம் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதும் தெரிய வேண்டும்.

ஓடாத வண்டி என்பதாலேயே அது நல்ல வண்டி ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பேட்டரி தானாகவே சக்தி இழக்கும். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி, முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் செய்து தரச் சொல்லுங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. வண்டியின் தயாரிப்பு மாதத்தையும் இதையும் இன்றைய தேதியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய எவ்வளவு காலம் நின்றது என்று புரியும்.

வண்டி கைக்கு வந்ததும் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். முதல் 500 முதல் 1,000 கிலோமீட்டர் வரை, கையேட்டில் சொன்ன வேகத்துக்குள், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். புது டயரின் மேற்பரப்பு தொடக்கத்தில் வழுக்கும், பிரேக்கும் படிய நேரம் எடுக்கும். முதல் நாளே வளைவில் சாய்க்க வேண்டாம். முதல் சர்வீஸைத் தள்ளிப்போடவும் கூடாது, ரிங்குகள் படியும்போது உதிர்ந்த உலோகத் துகள்கள் அந்த எண்ணெயில்தான் இருக்கும்.