டெல்டா டவர்களை இ-1 இணைப்பிலிருந்து ஐபிக்கு மாற்றுதல்: கிளாக்கிலிருந்து தொடங்குங்கள்

2ஜி டவரையும் அதன் கட்டுப்பாட்டகத்தையும் இணைக்கும் ஏபிஸ், 3ஜி-யில் அதே வேலையைச் செய்யும் ஐயுபி ஆகிய இரண்டு இடைமுகங்களும் நெடுங்காலம் நிலையான வேகத்தில் தரவைச் சுமக்கும் இ-1 கம்பிகளை நம்பியே இயங்கின. திருத்துறைப்பூண்டியைச் சுற்றியோ மன்னார்குடிக்குக் கிழக்கேயோ இவற்றை, தரவைப் பாக்கெட்டுகளாக அனுப்பும் ஐபிக்கு மாற்றப் போகும் பொறியாளர், அலைவரிசை வேகத்தைக் கணக்கிடுவதற்கு முன்பாகக் கிளாக், அதாவது டவரின் அதிர்வெண்ணைச் சீராக வைக்கும் துடிப்பு, எங்கிருந்து வரும் என்பதை முடிவு செய்ய வேண்டும்.

இ-1 இணைப்பு விநாடிக்கு 2.048 மெகாபிட் தரவைச் சுமப்பதோடு, சீரான துடிப்பையும் டவருக்குக் கொண்டு சேர்த்தது. அந்தத் துடிப்பைக் கொண்டே டவர் தன் அதிர்வெண்ணை நூறு கோடிக்கு 50 பங்குக்குள் பிசகாமல் வைத்துக்கொண்டது. ஐபியைச் சுமக்கும் ஈதர்நெட்டில் இது தானாக வராது. கம்பியைப் பிடுங்கிய இரவில் டவருக்குள்ளேயே துடிப்பை உண்டாக்கும் ஆஸிலேட்டர் தாக்குப்பிடிப்பதால் எல்லாம் சரியாகவே தெரியும். நாட்கள் கழிந்து அதிர்வெண் நகரத் தொடங்கியதும், பக்கத்து டவருக்கு மாறும் இடத்தில் அழைப்புகள் அறுந்து விழும். அப்போது பெரும்பாலும் எல்லோரும் ஆன்டெனாவைத்தான் சந்தேகிப்பார்கள்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஈதர்நெட் இணைப்பின் வழியே துடிப்பைக் கடத்தும் சிங்க்-ஈ உறுதியானது, ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு கருவியும் அதை ஆதரிக்க வேண்டும், நடுவில் ஒரேயொரு பழைய சுவிட்ச் இருந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். நேரத்தைப் பாக்கெட்டுகளில் அனுப்பும் பிடிபி (ஐஇஇஇ 1588 தரநிலையின் 2008 பதிப்பு), இடையில் ஆதரவில்லாத கருவிகள் இருந்தாலும் வந்து சேரும் என்றாலும், பாக்கெட்டுகளின் தாமதம் ஏறி இறங்கினால் தடுமாறும். செயற்கைக்கோளிலிருந்து நேரத்தைப் பெறும் ஜிபிஎஸ், வலையமைப்பை நம்பாமல் தனித்து நிற்கும். அதன் ஆன்டெனாவுக்குத் திறந்த வானமும் இடிதாங்கிப் பாதுகாப்பும் தேவை.

டெல்டாவில் பிடிபியைத் தேர்ந்தால், டவர்களைக் கம்பியில்லாமல் இணைக்கும் மைக்ரோவேவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சம்பா நடவுக்காக நீர் கட்டிய வயல்கள் மைல் கணக்கில் கண்ணாடிபோல் பரந்திருக்கும்போது, நேராக வரும் அலையும் நீரில் பட்டுத் திரும்பும் அலையும் மோதி, சிக்னல் சட்டென்று விழும். உடனே லிங்க் தன் பண்பேற்றத்தை (அலையில் தரவை ஏற்றும் அடர்த்தியை) குறைத்துக்கொள்ள, கொள்ளளவும் சுருங்கும். ஆகவே பிடிபி, சமிக்ஞை, குரல் ஆகியவற்றுக்கு உயர்ந்த முன்னுரிமையும் தரவுக்கு அடுத்த இடமும் கொடுத்து, மிகத் தாழ்ந்த பண்பேற்றத்திலும் முதல் வகை முழுதாகச் செல்லுமா என்று சோதிக்க வேண்டும். கோடையில் வயல் காய்ந்திருக்கும்போது எடுத்த அளவு ஐப்பசிக்குப் பொருந்தாது.

கொள்ளளவுக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. விநாடிக்கு 12.2 கிலோபிட்டாகச் சுருக்கும் ஏஎம்ஆர் முறைக் குரலில் 20 மில்லிவிநாடிக்கு 244 பிட், அதாவது சுமார் 31 பைட் மட்டுமே கிடைக்கிறது; ஐபி, யுடிபி தலைப்புகளே அதன்மேல் 28 பைட்டைச் சேர்த்துவிடும். எனவே பல அழைப்புகளை ஒரே பாக்கெட்டில் கட்டும் வசதி இரு முனைகளிலும் இருக்கிறதா என்று பார்த்து இயக்குங்கள்.

முதலில் மாற்ற வேண்டியது மையச் சந்திப்பு அல்ல; வேறு டவர் எதுவும் தொங்காத கடைசி டவரையே எடுக்க வேண்டும். கருவி அனுமதித்தால், 3ஜி-யில் சில காலம் குரலையும் சமிக்ஞையையும் இ-1 வழியே செல்லும் பழைய ஏடிஎம் தரவு முறையிலேயே விட்டுவிட்டு, தரவை மட்டும் ஐபிக்கு நகர்த்தலாம். புதிய இணைப்புக்கு மாற்றும் கட்ஓவருக்கு முன், வழியில் துண்டுகளாகப் பிரிக்கக் கூடாதென்று தடை போட்ட 1500 பைட் பாக்கெட்டை முனைக்கு முனை அனுப்பிப் பாருங்கள். பாக்கெட்டை மறைகுறியாக்கி அதன் அளவைக் கூட்டும் ஐபிசெக் இருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. மாற்றிய பிறகு, மாறாத டவரை நோக்கிச் சாலையில் சென்றபடி அழைப்பைத் தொடர்வதே உண்மையான சோதனை.

குழி தோண்டும் ஃபைபர் வேலையைச் சம்பா அறுவடை முடிந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள், அதாவது மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னரே முடிப்பது நல்லது. கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த வேதாரண்யம் பகுதியில் ஃபைபரும் மைக்ரோவேவும் வெவ்வேறு திசையிலிருந்து வரும்படி இரு வழிகளை அமைக்க வேண்டும். பழைய இ-1 இணைப்பை ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் உயிருடன் வைத்திருந்து, அந்த மாதங்களின் கிளாக் பதிவுகளைப் பார்த்த பிறகே ஒப்படையுங்கள்.