காமெடி அனிமேஷன் ப்ராஜெக்ட் பண்றீங்களா, சிரிப்ப கடைசிக்கு தள்ளாதீங்க

ஃபைனல் இயர்ல பிளெண்டர்ங்கிற இலவச 3டி சாஃப்ட்வேர் வச்சு ஒரு காமெடி குறும்படம் பண்ணலாம்னு கிளம்புற பசங்க முக்கால்வாசி பேர் முதல் நாளே மாடலிங்ல (ஆள், பொருள் எல்லாத்தையும் 3டில செஞ்சு வைக்கிறது) உக்காந்துடுவாங்க. சட்டையில தையல் தெரியணும், செவுத்துல காரை பேந்திருக்கணும்னு ரெண்டு மாசம் அதுலயே ஓடிடும், எந்த இடத்துல சிரிப்பு வரணும்ங்கிறத மட்டும் கடைசி வாரத்துல பாத்துக்கலாம்னு விட்டுடுவாங்க. எங்க டீமும் அப்படித்தான் மாட்டுச்சு, அதனாலதான் இத எழுதுறேன்.

எங்க படத்துல ஒரு சீன். டீக்கடையில ஒரு பெரியவர் பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காருறார், கிரீச்னு ஒரு சத்தம், மனுஷன் அப்படியே உறைஞ்சுடுவார், கண்ணு மட்டும் மெதுவா கீழ போகும். அப்புறம் 3 ஃப்ரேம்ல (ஃப்ரேம்னா ஓடுற படத்துல ஒரு தனிப் படம்) ஆளக் காணோம், டீ கிளாஸ் மட்டும் ஒரு நொடி அந்தரத்துல நிக்கும். அந்த உறைஞ்சு நிக்கிற நேரத்த முதல்ல 6 ஃப்ரேம் வச்சிருந்தோம். வகுப்புல போட்டுக் காட்டினா ஒருத்தர்கூட சிரிக்கல. அத 20 ஃப்ரேம் ஆக்கினோம், வேற எதையும் தொடல, பின் பெஞ்ச் வரைக்கும் சிரிச்சாங்க. 24 ஃப்ரேம்தான் ஒரு செகண்ட், அப்போ நாங்க கூட்டினது அரை செகண்டவிட கொஞ்சம் அதிகம், அவ்ளோதான்.

இத கண்டுபிடிக்க 3டி தேவையே இல்ல. குச்சி மனுஷன் படம் வரைஞ்சு, ஃபோன்ல குரல் ரெக்கார்ட் பண்ணி, முழுப் படத்தையும் அனிமேட்டிக்கா, அதாவது அந்த கிறுக்கல் படங்கள குரலோட சரியான நேரத்துக்கு வரிசையா அடுக்கி, ஓட்டிப் பாருங்க. கதை தெரியாத ஒருத்தருக்கு காட்டுங்க, காட்டுறதுக்கு முன்னாடி ‘இங்கதான் ஜோக்’னு எடுத்துக் குடுக்காதீங்க. கிறுக்கல்ல சிரிக்காதவங்க ரெண்டர் ஆன பிறகும் (3டி காட்சிய கம்ப்யூட்டர் முழுப் படமா வரைஞ்சு முடிச்ச பிறகும்) சிரிக்க மாட்டாங்க.

அடுத்தது நீளம். 1 நிமிஷத்துக்கு 1440 ஃப்ரேம், ஒரு ஃப்ரேம் ரெண்டர் ஆக 10 நிமிஷம் எடுத்தா 240 மணி நேரம், அதாவது ஒரு லேப்டாப் 10 நாள் ராப்பகலா ஓடணும். 4 நிமிஷக் கதைன்னா 40 நாள், நடுவுல கரண்ட் போகக்கூடாது! 1986ல பிக்ஸார் பண்ண லக்ஸோ ஜூனியர் பாருங்க, சுமார் 2 நிமிஷம்தான், ரெண்டு மேஜை விளக்கு, விளையாட பந்து, முகம் கிடையாது வசனம் கிடையாது, கேமரா கூட நகராது. ஆனா எது அப்பன் எது புள்ளைன்னு பாத்ததும் தெரியும். நம்ம பசங்க அஞ்சு கேரக்டர், பறக்குற முடி, பக்கம் பக்கமா டயலாக்னு எழுதிட்டு லிப் சிங்க்ல (வசனத்துக்கு ஏத்த மாதிரி வாய அசைக்கிறது) மாட்டிக்கிறாங்க. ரெண்டு கேரக்டர் போதும், ரிக் (கேரக்டர அசைக்கிறதுக்கான எலும்புக்கூடு மாதிரி அமைப்பு) கூட இலவசமா கிடைக்கிறத எடுத்துக்கோங்க (லைசென்ஸ படிச்சிட்டு, பேர் போட சொல்லியிருந்தா போட்டுடுங்க).

அனிமேட் பண்றப்போ போஸ் எல்லாம் ஸ்டெப்டுலயே (நடுவுல அசைவு இல்லாம ஒரு போஸ்லேர்ந்து அடுத்ததுக்கு டக்குனு தாவுறது) வச்சு டைமிங்க முடிங்க. அவசரப்பட்டு ஸ்ப்லைனுக்கு (நடு அசைவ கம்ப்யூட்டரே வழுவழுன்னு நிரப்புறது) மாத்தினா எல்லாரும் தண்ணிக்குள்ள நடக்குற மாதிரி மிதப்பாங்க, விழுறதுலயும் அடியிலயும் வேகமே இருக்காது. இன்னொண்ணு, ஒருத்தர் ஜோக் பண்றப்போ பக்கத்துல இருக்கறவர சும்மா நிக்க விடுங்க. ரெண்டு பேரும் ஆடினா பாக்குறவங்களுக்கு எங்க பாக்கறதுன்னே தெரியாது.

நேரா எம்பி4ஆ (ஒரே வீடியோ ஃபைலா) ரெண்டர் போடாதீங்க. நடுவுல கிராஷ் ஆனா மொத்தமும் போச்சு, ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனி பிஎன்ஜி படமா எடுத்தா விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். லேப் சிஸ்டத்துக்கு ஃபைல கொண்டு போறதுக்கு முன்னாடி டெக்ஸ்சர் (மாடல் மேல ஒட்டுற படங்கள்) எல்லாத்தையும் அந்த ஃபைலுக்குள்ளயே பேக் (pack) பண்ணிடுங்க, இல்லன்னா கேரக்டர் ரோஸ் கலர்ல வந்து நிக்கும், அதுவும் சப்மிட் பண்ற அன்னிக்கு காலைல.

சவுண்ட கடைசி ராத்திரிக்கு வைக்காதீங்க. சினிமா பாட்ட உரிமை வாங்காம எடுத்துப் போட்டா அப்புறம் ஃபெஸ்டிவலுக்கு அனுப்ப முடியாது. குரல் எடுக்கறப்போ ஃபேன ஆஃப் பண்ணுங்க. அந்த ஸ்டூலோட கிரீச் சத்தம் எங்க ஹாஸ்டல் கதவு கீல்லேர்ந்து எடுத்தது, ராத்திரி ரெண்டு மணிக்கு நாப்பது தடவ தொறந்து மூடி.