அரசு அலுவலகத்தில் ஏஐ: மனுதாரர் தலையில் விடியும் தவறுகள்

தாலுகா ஆபீசுக்கு ஏஐ வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயனில்லை. ஊழியரின் சட்டைப் பையில் இருக்கும் செல்போனைத்தான் பார்க்க வேண்டும். சுற்றறிக்கை ஏதும் வருவதற்கு முன்பே அது வந்து உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலக் கடிதத்துக்குத் தமிழில் பதில், ஆய்வுக் கூட்டத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு, நீளமான மனுவுக்கு நாலு வரிச் சுருக்கம் என்று வேலை ஓடுகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலை ஒருவர் தலையில் இருந்தால், யாராக இருந்தாலும் கைக்குக் கிடைத்த உதவியை எடுத்துக்கொள்ளத்தான் செய்வார்கள்.

ஆனால் ஒரு கடையில் தவறு நடந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு தாலுகாவில் பட்டா மாற்ற வேண்டியவருக்கு அந்தத் தாலுகா ஆபீசை விட்டால் வேறு கிடையாது. அதனால் என்னுடைய கணக்கு இதுதான்: ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பதற்கு ஏஐ எவ்வளவு வேண்டுமானாலும் உதவட்டும், இல்லை என்று சொல்வதை மட்டும் பெயரும் பதவியும் உள்ள ஓர் அலுவலர்தான் சொல்ல வேண்டும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கோட்டைத் தாண்டுவதால் வருபவை.

மனுவை அப்படியே செல்போனில் ஏற்றுவது

திங்கள்கிழமை வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்வு நாளில் கொடுக்கப்படும் ஒரு மனுவைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், செல்போன் எண் இருக்கும். பின்னால் ஆதார் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம். சிகிச்சைக்கு உதவி கேட்கும் மனுவாக இருந்தால் நோயின் பெயரும் ஆஸ்பத்திரி கொடுத்த அறிக்கையும்கூட. இதைப் படம் பிடித்து ஓர் இலவச ஏஐ ஆப்பில் ஏற்றி, ‘சுருக்கித் தா’ என்று கேட்டால் சுருக்கம் வரும். கூடவே ஒரு நோயாளியின் முழு விவரமும் அலுவலகத்தின் கையை விட்டு எங்கோ ஒரு கம்பெனியின் சர்வருக்குப் போய்விடும். அப்புறம் உரையாடலை அழித்துவிட்டேன் என்பதெல்லாம் மனச் சமாதானம்தான்.

2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம் தன் ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அலுவலகக் கம்ப்யூட்டரிலும் கருவிகளிலும் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம், அரசு ஆவணங்களின் ரகசியம் கெடும் என்பது அதன் சாரம். 2023-ல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தாயிற்று. இருந்தும் அவசரத்தில் கை அந்த ஆப்புக்குத்தான் போகும். குறைந்தபட்சம் இதையாவது செய்யலாம்: படத்தை ஏற்றாமல், விஷயத்தை மட்டும் தட்டச்சு செய்து, பெயர் வரும் இடத்தில் ‘மனுதாரர்’ என்றும், ஊர் வரும் இடத்தில் ‘கிராமம்’ என்றும் போட்டுக் கேட்பது. ஆதார் எண், சர்வே எண், நோயின் பெயர் எதுவும் உள்ளே போகக் கூடாது. சொல்லப்போனால், அதே மனுவை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போடுகிற பழக்கமும் நிற்க வேண்டும். ஏஐ வரும் முன்பே இருக்கும் வியாதி அது.

பார்வையில் இல்லாத அரசாணை

அலுவலகக் கடிதத்தில் ‘பார்வை’ என்று போட்டு 1, 2, 3 என்று அரசாணை எண்ணும் கடித நாளும் எழுதுவோம். ஏஐ அந்த வடிவத்தை நன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது. அரசாணை (நிலை) எண், துறையின் பெயர், நாள் எல்லாம் அச்சு அசலாக வரும். அப்படி ஓர் அரசாணை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஏஐ பெரும்பாலும் எதையும் ஆவணக் கட்டிலிருந்து எடுத்துத் தருவதில்லை. அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று பார்த்து எழுதிக்கொண்டே போகிறது. எண்ணும் அப்படித்தான் வருகிறது.

2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கொடுத்த, நடக்கவே நடக்காத வழக்குகளைக் கோர்ட்டில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். 2025-ல் ஆஸ்திரேலியாவில் அரசுக்காக ஒரு பெரிய ஆலோசனை நிறுவனம் எழுதிய அறிக்கையில் இல்லாத ஆய்வுகள் மேற்கோளாக இருந்தது வெளியே வந்து, கட்டணத்தில் ஒரு பகுதியை அந்த நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. அங்கே அபராதத்தோடும் பணத்தோடும் போனது. இங்கே இல்லாத அரசாணையைக் காட்டி ஒரு மனுவைத் தள்ளுபடி செய்தால், மனுதாரர் அதை எங்கே போய்ச் சரிபார்ப்பார்? சரிபார்க்க வேண்டியவர் கையெழுத்துப் போடுகிறவர். அரசாணையின் நகலைக் கண்ணால் பார்க்காமல் எண்ணைப் பார்வையில் ஏற்றக் கூடாது. இதில் விலக்கே வேண்டாம்.

சுருக்கத்தைப் படித்துவிட்டு மனுவை மூடுவது

உதாரணத்துக்கு ஒரு மனு. பொருள்: முதியோர் உதவித்தொகை வேண்டி. இரண்டு பக்கம் முழுக்கக் கணவர் இறந்தது, நிலம் விற்றது, முழங்கால் வலி. கடைசியில், கையெழுத்துக்குச் சற்று மேலே, “ரெண்டு மாசமா பையன் வீட்ல சேக்கல, கோயிலாண்ட படுத்துகினு கீறேன்” என்று ஒரு வரி. ஏஐ சுருக்கித் தந்தால் ‘மனுதாரர் முதியோர் உதவித்தொகை கோருகிறார்’ என்று வரும். தவறு என்று சொல்ல முடியாது. மனு சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குப் போகும், வரிசையில் நிற்கும்.

ஆனால் அந்தக் கடைசி வரி வேறு சட்டம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. அது கோட்டாட்சியரிடம் போக வேண்டிய விஷயம். மகனைக் கூப்பிட்டு விசாரிக்கலாம், பராமரிப்புத் தொகை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். எங்கள் பக்கத்து ஆட்கள் முக்கியமானதைக் கடைசியில்தான் சொல்வார்கள், அதுவும் தயங்கித் தயங்கி. தலைப்பைப் பார்த்துப் பிரிக்கிற ஏஐக்கு இந்தத் தயக்கம் தெரியாது. மனுவைத் துறைவாரியாகப் பிரிக்க ஏஐயை வைத்துக்கொள்ளுங்கள். மனுவின் கடைசிப் பாராவை ஒரு மனிதர் படிக்கட்டும், போதும்.

பொருந்தவில்லை என்றால் தகுதியில்லை என்று முடிவு கட்டுவது

உயிரை எடுக்கும் தவறு இதுதான். நலத்திட்டங்களில் போலிப் பயனாளிகளைக் கண்டுபிடிக்க ஒரு பட்டியலை இன்னொரு பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள். ரேஷன் கார்டு, வாகனப் பதிவு, மின் இணைப்பு, நில ஆவணம். நோக்கம் சரிதான். பெயரும் முகவரியும் ஒத்துப்போகாத இடத்தில் ஏஐ சிவப்புக் கொடி காட்டும். அந்தக் கொடி ‘போய்ப் பார்’ என்று சொல்கிறது. அலுவலகம் அதை ‘தள்ளு’ என்று படித்துவிடுகிறது.

நம்ம ஊர்ப் பட்டியல்களில் எவ்வளவு முரண்பாடு இயல்பாகவே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாணியம்பாடியில் ஒரே வீட்டில் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பம். தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் மாவட்டம் பிரிந்த பின் அப்பா வாங்கிய சான்றிதழில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். மகனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வேலூர். 2019-ல் மறுபடி பிரிந்ததால் பேரக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் திருப்பத்தூர். யாரும் வீட்டைக் காலி செய்யவில்லை. கம்ப்யூட்டர் கணக்கில் இந்தக் குடும்பம் நாலு மாவட்டம் மாறிவிட்டது. இதோடு ஒரே ஊரின் பெயர் ஒரு பத்திரத்தில் குடியேற்றம், இன்னொன்றில் குடியாத்தம். ஒரு கார்டில் முன்னெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரே முழுசாக. பேர்ணாம்பட்டிலோ மேல்விஷாரத்திலோ உள்ள உருதுப் பெயரைத் தமிழில் ஒருவர் ஜாகிர் என்று எழுதுவார், இன்னொருவர் ஸாகிர் என்பார். இதெல்லாம் மோசடி இல்லை. எழுதினவர் கைக்கு வந்தபடி எழுதியது.

தெலங்கானாவில் இப்படிப் பட்டியல்களை இணைத்துப் பார்க்கும் ஒரு முறையைக் கொண்டு வந்தார்கள். ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவருக்குக் கார் இருப்பதாக, பெயர் ஒற்றுமையை வைத்து முடிவாகி, அவர் மனைவிக்கு உணவுப் பாதுகாப்பு கார்டு மறுக்கப்பட்டது பத்திரிகைகளில் வந்தது. களத்தில் போய்ப் பார்க்காமல் ரத்து செய்த ரேஷன் கார்டுகளை மறுபடி சரிபார்க்கச் சொல்லி 2022-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைத் தேடிய மென்பொருள், டச்சுக் குடியுரிமை இல்லாதவர்களைக் கூடுதல் சந்தேகத்தோடு பார்த்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அந்த அரசே ராஜினாமா செய்தது. ஆஸ்திரேலியாவின் ‘ரோபோடெட்’ கதையில் ஏஐகூட இல்லை, வெறும் சராசரிக் கணக்கு. ஆண்டு வருமானத்தை இரண்டு வாரத் தவணைகளாகச் சமமாகப் பிரித்து, உதவித்தொகை அதிகம் வாங்கிவிட்டீர்கள் என்று லட்சக்கணக்கானோருக்கு நோட்டீஸ் போனது. குடியாத்தம் தீப்பெட்டித் தொழிலாளிக்கும் ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஷாப் தொழிலாளிக்கும் அந்தச் சராசரியைப் போட்டுப் பாருங்கள். வேலை இருக்கும் மாதம் ஒரு கணக்கு, ஆர்டர் இல்லாத மாதம் வேறு கணக்கு. சராசரி என்று ஒரு மாதம் அவர்கள் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

அலுவலர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தவறு ஏன் நடக்கிறது என்றே புரியாது. சிவப்புக் கொடி காட்டிய மனுவை ஏற்றால் நாளைக்குத் தணிக்கையில், “சிஸ்டம் வேண்டாம் என்று சொன்னதை நீங்கள் எப்படி அனுமதித்தீர்கள்?” என்று கேள்வி வரும். தள்ளுபடி செய்தால் ஒரு கேள்வியும் வராது. பிறகு யார்தான் ரிஸ்க் எடுப்பார்கள்? எனவே ‘அலுவலர் தன் அறிவைப் பயன்படுத்த வேண்டும்’ என்று உபதேசம் செய்து பயனில்லை. கள விசாரணை செய்து, காரணம் எழுதி, ஏஐ சொன்னதை மாற்றி உத்தரவிட்டவர் மேல் நடவடிக்கை கிடையாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். களத்துக்குப் போகாமல் தள்ளுபடி செய்தால் விளக்கம் கேட்கப்படும் என்பதும் அதே உத்தரவில் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் ஒரு நடை போய்ப் பக்கத்து வீட்டில் விசாரித்தால் முடிகிற விஷயம் பல. பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமத்துக்கு அந்த நடை நீளமானது என்பது தெரியும். அங்கேதான் அது இன்னும் அவசியம்.

95 சதவீதம் சரி என்று சொன்னால்

மென்பொருள் விற்க வருகிறவர் இப்படி ஒரு எண்ணோடு வருவார். 10,000 மனுவில் 500 பேர் என்று மாற்றிப் போட்டுக் கேளுங்கள். அந்த 500 பேர் யார்? எல்லா ஊரிலும் எல்லா வயதிலும் சமமாகப் பரவிக் கிடக்கிறார்களா, அல்லது பீடி சுற்றிச் சுற்றி விரல் ரேகை தேய்ந்த பெண்களும் வயதானவர்களும்தானா? பேச்சைப் புரிந்துகொள்ளும் கருவி என்றால், ‘வந்துகினு’, ‘போயிகினு’ என்று பேசுகிறவர்களை வைத்துச் சோதித்தார்களா, செய்தி வாசிக்கிற தமிழை மட்டும் கேட்க வைத்தார்களா? தமிழகத்துக்கு இந்த விஷயத்தில் வழிகாட்டி இல்லாமல் இல்லை. பாதுகாப்பான, அறநெறியுள்ள செயற்கை நுண்ணறிவுக் கொள்கை என்று 2020-லேயே வெளியிட்டார்கள். வெளிப்படைத்தன்மை, பொறுப்பு, நியாயம், டிஜிட்டல் இடைவெளி என்று எதையெதை எடைபோட வேண்டும் என்று அதில் இருக்கிறது. டெண்டர் போடும்போது அதை மேஜையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாலே பாதி விற்பனைப் பேச்சு அடங்கிவிடும்.

முக அடையாளக் கேமரா பற்றி ஒரே விஷயம். பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது. வேறு வழியில் செய்ய முடிகிற வேலைக்கு முகத்தைச் சேகரிக்க வேண்டாம்.

காரணம் சொல்லாத மறுப்பு

‘தகுதியின்மை’ என்ற ஒற்றைச் சொல்லில் ஒரு மனு முடிந்துபோவது பழைய வழக்கம்தான். ஏஐ வந்தால் இது இன்னும் சுலபமாகிவிடும், ஏனென்றால் காரணம் அலுவலருக்கே தெரியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 4-வது பிரிவு, ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவருக்கு அதன் காரணத்தை அலுவலகம் தானாகவே தர வேண்டும் என்கிறது. ‘சிஸ்டம் ஏற்கவில்லை’ என்பது காரணம் ஆகாது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகையில் 2023-ல் நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. 30 நாளுக்குள் இ-சேவை மையம் மூலம் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யவும் வழி இருந்தது. கார் இருக்கிறது என்று வந்தால் கார் இல்லை என்று காட்டலாம். ஏஐ நுழையும் எந்தத் திட்டத்துக்கும் குறைந்தது இந்த அளவாவது வேண்டும்.

மனு தள்ளுபடியாகிக் காரணம் புரியாமல் நிற்கிறவர் செய்யக்கூடியது: ஒரு வெள்ளைத் தாளில் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் என்றால் சான்று வைத்தால் போதும், கட்டணம் கிடையாது. ஏன் தள்ளுபடி செய்தீர்கள் என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். ஆவணமாகக் கேளுங்கள். என் மனு மீது முடிவெடுத்த அலுவலரின் பதவி, கள விசாரணை அறிக்கையின் நகல், மென்பொருள் தந்த பட்டியல் இருந்தால் அதில் என் பெயருக்கு எதிரே உள்ள பதிவின் நகல். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்தது திருப்தியில்லை என்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையோடு.