கேரவன் வாரண்டி: ரிப்பேருக்கு யாரைக் கேட்பது?

மோட்டார்ஹோமுக்கு, அதாவது வீட்டு வசதிகளோடு ஓடும் கேரவன் வண்டிக்கு, ஒரே வாரண்டி என்று நினைத்துவிடாதீர்கள். எஞ்சின், கியர், பிரேக் எல்லாம் பொதுவாகச் சேஸி (வண்டியின் அடிச்சட்டம்) தயாரித்த கம்பெனியின் பொறுப்பு. கூரை ஒழுகல், சுவர், கதவு போன்றவை மேலே வீட்டுப் பகுதியைக் கட்டியவரைச் சேரும். பிரிட்ஜ், ஏசி, ஜெனரேட்டருக்குப் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் தனி வாரண்டி, டயருக்கும் அப்படித்தான்.

டீலர் வேலை செய்து கொடுப்பவர். வாரண்டி செலவை ஏற்பது தயாரிப்பாளர். அதனால் ஸ்பேனரில் கை வைக்கும் முன்பே தயாரிப்பாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பில் உங்கள் தலையில் விழலாம்.

பிரிட்ஜ் கதவைத் திறந்தால் உள்பக்கம் மாடல், சீரியல் எண் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வண்டி எடுத்த அன்றே எல்லாச் சாதனங்களின் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வையுங்கள். கூரை இடுக்குகளை அடைக்கும் சீலன்ட்டைச் சோதித்த தேதியையும் மறக்காமல் குறியுங்கள். பராமரிக்கவில்லை என்று காரணம் சொல்லி ஒழுகல் கோரிக்கைகளைத் தட்டிக் கழிப்பதுண்டு.