யாயேல்: பொருள் சொல்வதில் நடக்கும் தவறுகள்

போன மாதம் என்னிடம் எபிரெயம் படிக்கும் ஒருவர், உறவினரின் பெண் குழந்தைக்கு வேதாகமத்தில் வரும் யாயேல் என்ற பெண்ணின் பெயரைச் சொல்லி, "யாவேயே தேவன்" (யாவே என்பது இஸ்ரவேலரின் கடவுளின் பெயர்) எனப் பொருளும் எழுதிக் கொடுத்துவிட்டார். பல வருடங்களுக்கு முன் நானும் அதே வரியைத்தான் எழுதிக் கொடுத்தேன். வலமிருந்து இடமாகப் படிப்பதில் வரும் தடுமாற்றமெல்லாம் பழகப் பழகப் போய்விடும். இது அப்படிப் போவதில்லை.

'ஏல்' என்று முடிந்தாலே கடவுள் என்பது

தானியேல், யோவேல் இரண்டிலும் கடைசியில் நிற்பவை அலெஃப், லாமெத் என்ற எபிரெய எழுத்துகள். அது 'ஏல்', கடவுள். யாயேலின் எழுத்துகள் யோத், அயின், லாமெத். அயின் தொண்டைக்குள் பிறக்கும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்தில்லை. தமிழில் எழுதியதும் இரண்டு வகைப் பெயர்களும் ஒரே மாதிரி முடிகின்றன, காது ஏமாந்துவிடுகிறது. "யாவேயே தேவன்" என்பது யோவேலின் பொருள். யாயேல் என்றால் மலையாடு.

நான் எழுதிக் கொடுத்ததை அந்தக் குடும்பம் வெள்ளித் தம்ளரில் பொறித்துவிட்டது. தவறு தெரிந்ததும் நேரில் போய்ச் சொன்னேன். குழந்தையின் பாட்டி தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ ஆடா தம்பி?" என்றார். அவர் முகம் வாடியது இன்னும் உறுத்துகிறது. அன்றே சங்கீதம் 104-ஐத் திறந்து, உயர்ந்த மலைகள் இந்த ஆடுகளுக்கு அடைக்கலம் என்று வரும் 18-ம் வசனத்தை அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். தாவீது சவுல் ராஜாவுக்குத் தப்பி ஒளிந்த, சாக்கடல் பக்கத்து எங்கேதிப் பாறைகளுக்கும் இந்த ஆட்டின் பெயர்தான். எவ்வளவு நல்ல பொருளை மறைத்துவிட்டு, இல்லாத ஒன்றைக் கொடுத்திருக்கிறேன்!

ராகேலும் இதே கண்ணிதான். அங்கே அலெஃப் இல்லை, ஹேத். பொருள் பெண் செம்மறி. அன்னாள், சாராள் பெயர்களில் வரும் 'ள்' தமிழ் சேர்த்துக்கொண்டது, அதற்கு எபிரெயத்தில் வேர் தேட வேண்டாம்.

கதையைப் பொருளாக்குவது

வேதாகமக் கதையில், எதிரிப் படைத்தலைவன் சிசெரா யாயேலிடம் தண்ணீர் கேட்டான். அவள் பால் கொடுத்தாள், அப்புறம் அவன் தூங்கும்போது நெற்றிப்பொட்டில் கூடார முளையை அடித்தாள். அதனால் 'வீரப்பெண்' என்று எழுதுகிறார்கள். அது அவள் செய்த செயல், பெயரின் பொருள் அல்ல.

தமிழ் வேதாகமத்தில் பெயரே இல்லை என்பது

'யாகேல்' என்று தேடுங்கள். நியாயாதிபதிகள் புத்தகம், 4, 5-ம் அதிகாரங்கள்.

'ஜேல்' என்று படிப்பது

யா-ஏல். இரண்டு அசை.

நீலகிரி வரையாடு என்று நினைப்பது

தமிழ் வேதாகமம் 'வரையாடு' என்கிறது, சரியான சொல்தான். ஆனால் எங்கேதியில் திரிவது வேறு இனம், நூபியன் ஐபெக்ஸ். கிடாவின் கொம்பு கணுக்கணுவாக நீண்டு, முதுகை நோக்கி அரிவாள்போல் வளைந்திருக்கும்.