கலர் பிரிண்ட் சரியில்லை என்றால் முதலில் ஃபைலிலிருந்து கையை எடுங்கள்

டிசைன் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் ஒவ்வொரு செட்டும் ஒரே தவறுகளை ஏறக்குறைய ஒரே வரிசையில் செய்கிறார்கள். டிடிபி காலத்திலிருந்து இதில் இருக்கிற நாங்களும் செய்தவைதான். அப்போது எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. இப்போது இருக்கும்போதும் சொல்லாமல் இருப்பானேன்?

டோனர் (லேசர் பிரிண்டரின் நிறப்பொடி) தீர்ந்துபோனதைக் கவனிக்காதது, டிரைவரில் (கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுக்கும்போது திறக்கிற பிரிண்டர் செட்டிங்) கிரேஸ்கேல், அதாவது கருப்பு வெள்ளை, டிக் விழுந்திருப்பது, வேறு பிரிண்டருக்கு அனுப்பிவிட்டு இங்கே காத்திருப்பது, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பத்து நிமிடத்தில் தானாகவே தெரிந்துவிடும். தெரியாமல் மாதக்கணக்கில் ஓடி, கடைசியில் பணத்தில் கைவைக்கிற தவறுகள்தான் இங்கே.

ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு பிரிண்டரைத் திட்டுவது

ஸ்கிரீன் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது. பிரிண்டரிடம் இருப்பது சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த ரோஸ்), மஞ்சள், கருப்பு என்ற நான்கு டோனர்கள். ஸ்கிரீனில் கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சை, அடர் ஆரஞ்சு, பளீர் நீலம் எதுவும் இந்த நான்கில் அப்படியே வராது. ஃபைலில் ஒரு நிறத்தை சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 0 முதல் 255 வரை மூன்று எண்ணாக எழுதுவார்கள்; 0, 0, 255 என்ற நீலத்தை அடித்துப் பாருங்கள், ஊதா சாயலில்தான் வரும். அது பிரிண்டரின் கோளாறு இல்லை. எத்தனை லட்சத்துக்கு மிஷின் வாங்கினாலும் காகிதம் தானாக ஒளி விடாது.

‘பிரிண்ட் இருட்டாக வருது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் லேப்டாப் பிரைட்னஸ் முழுதாக ஏற்றி வைத்திருப்பதுதான். ஒரு வெற்று வேர்ட் பக்கத்தைத் திறந்து, ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சமாகத் தெரிகிற வரை பிரைட்னஸைக் குறையுங்கள். நைட் லைட் போட்டிருந்தால் அதையும் அணையுங்கள். முக்கால்வாசி புகார் அங்கேயே அடங்கிவிடும்.

பிரிண்டர் செய்த தவறுக்கு ஃபைலைத் திருத்துவது

எத்தனை தரம் சொன்னாலும் தீராத, இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இது.

ஒரு ஜவுளிக்கடை. லோகோ மெரூன் நிறம், ஒரிஜினல் ஃபைலில் 128, 0, 0. அங்கே டிசைன் பார்த்த தம்பி ஒரு லெட்டர்ஹெட் எடுத்தான். மெரூன் பழுப்பாக வந்தது. உண்மையில் அந்த மிஷினில் மெஜந்தா டிரம் (டோனரை ஏந்திப் பதிக்கிற உருளை) ஆயுள் முடிகிற நிலையில் இருந்தது, அந்த நிறம் மட்டும் மெலிந்து விழுந்தது. மெரூனில் பெரும்பங்கு மெஜந்தாவும் மஞ்சளும்தான். மெஜந்தா குறைந்தால் அது பழுப்புப் பக்கம் சாயத்தான் செய்யும். தம்பிக்கு அது தெரியவில்லை. கோரல் டிராவைத் திறந்து 150, 0, 30 என்று மாற்றினான். இன்னும் பழுப்பு தட்டியது. 165, 0, 50 என்று ஏற்றினான். தாளில் அருமையான மெரூன் வந்துவிட்டது. அதே பெயரில் சேவ் பண்ணிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

வருஷக் கடைசியில் கடைக்குக் காலண்டர் அடிக்க அந்த ஃபைல்தான் சிவகாசிக்குப் போனது. ஆஃப்செட்டில், அதாவது அச்சகத்தின் பெரிய மிஷினில், மெஜந்தா மெலிந்தெல்லாம் விழாது. கட்டுக் கட்டாக வந்து இறங்கிய காலண்டர்களில் லோகோ ரோஸ் கலந்த சிவப்பு. முதலாளி அச்சகத்துக்காரரைப் போனில் பிடித்துக் கத்தினார். அவர் பொறுமையாக ஃபைலைத் திறந்து எண்ணைப் படித்துக் காட்டி, ‘நீங்க குடுத்ததைத்தான் அடிச்சிருக்கோம்’ என்றார். அவர் பக்கம் தவறே இல்லை. ஜனவரிக்குள் மறுபடி அடிக்க நேரமும் இல்லை. அப்படியே வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. சர்வீஸ் இன்ஜினியர் வந்து டிரம்மை மாற்றினார். மெஜந்தா பழையபடி விழ ஆரம்பித்ததும் ஆபீஸில் எடுக்கிற லெட்டர்ஹெட்டும் ரோஸாக வந்தது. இப்போது வேறொருவர் அதைக் ‘குறைத்து’ சேவ் பண்ணினார். ஐடி கார்டில் ஒரு மெரூன், கட்டைப்பையில் ஒரு மெரூன், பில் புத்தகத்தில் இன்னொரு மெரூன். ஒரிஜினல் எண் எது என்று கேட்டால் ஆபீஸில் ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய மெயில் ஒன்றைத் தேடி எடுத்துத்தான் 128, 0, 0 என்பதையே கண்டுபிடித்தோம்.

தம்பியைக் கேட்டேன். “அண்ணே, பிரிண்ட்ல டல்லா வந்துச்சு, அதான் கொஞ்சம் ஏத்தி வெச்சேன்” என்றான். அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. ‘இந்த மிஷின்ல சிவப்பு கம்மியாத்தான் விழும், நீ ஏத்தி அடி’ என்று சொல்லிக்கொடுத்த சீனியர் ஒருவர் ஒவ்வொரு ஆபீஸிலும் இருக்கிறார்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

ஒரு ஏ4 பக்கம் தயார் பண்ணுங்கள். அதில் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டமாக. வெள்ளையிலிருந்து கருப்பு வரை படிப்படியான சாம்பல் கட்டங்கள். முகம் தெளிவாகத் தெரிகிற ஒரு போட்டோ. உங்கள் லோகோ நிறம் ஒரு பெரிய கட்டமாக. கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி. இந்த ஃபைலை பிடிஎஃப் ஆக்கிப் பூட்டிவிடுங்கள், யாரும் அதை மாற்றக் கூடாது. மிஷின் நல்ல நிலையில் இருக்கிற நாளில் ஒரு பிரதி எடுத்து, பின்பக்கம் தேதி, பேப்பர் வகை, டிரைவர் செட்டிங் எல்லாம் பேனாவால் எழுதி, வெளிச்சம் படாமல் ஒரு அட்டை ஃபைலுக்குள் வையுங்கள்.

அப்புறம் எப்போது ‘கலர் மாறிப்போச்சு’ என்று சத்தம் வந்தாலும் அதே பக்கத்தை அதே பேப்பரில் அடித்துப் பழையதற்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு நிறக் கட்டம் மட்டும் வெளிறியிருந்தால் அந்த டோனரையோ டிரம்மையோ பாருங்கள். தனி நிறங்கள் எல்லாம் சரியாக இருந்து, சாம்பல் கட்டங்களில் மட்டும் பச்சையோ ரோஸோ தட்டினால் காலிப்ரேஷன் நழுவியிருக்கிறது. பழையதும் புதியதும் அச்சாக ஒன்றுபோல இருக்கிறதா? அப்படியானால் பிரிண்டர் மாறவில்லை. அன்றைய ஃபைல், அல்லது நீங்கள் பார்க்கிற ஸ்கிரீன்தான் வேறு.

காலிப்ரேஷன் என்பது பிரிண்டரின் மெனுவிலேயே இருக்கிற வேலை. மிஷின் தனக்குள் இருக்கிற பெல்ட்டில் நிறக் கட்டங்களை இட்டு, அடர்த்தியைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும். சில மாடல்கள் ஒரு தாளை அடித்து ஸ்கேனரில் வைக்கச் சொல்லும். சில நிமிடம்தான் ஆகும். டோனரோ டிரம்மோ மாற்றினால் உடனே ஒருமுறை ஓட்டுங்கள். ரீஃபில் டோனர் போடுகிற ஆபீஸ் என்றால் கட்டாயம், ஏனென்றால் ரீஃபில் பொடி ஒவ்வொரு தடவையும் ஒரே சாயலில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மழைக்காலமும் கோடையும் மாறும்போதும் ஓட்டுவது நல்லது.

இவ்வளவும் செய்து, மிஷின் நல்ல நிலையில் இருந்தும் லோகோ நிறம் கொஞ்சம் தள்ளி விழுகிறதா? டிரைவரில் இருக்கிற கலர் அட்ஜஸ்ட்மென்ட்டில் திருத்துங்கள், அதை ஒரு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். அதுவும் போதாவிட்டால் மட்டும் லோகோ எண்ணைச் சுற்றி இருபது முப்பது கட்டங்கள், ஒவ்வொன்றிலும் அதன் எண்ணோடு, ஒரே தாளில் அடியுங்கள். பொருந்துகிற கட்டத்தின் எண்ணைத் தனிப் பிரதியில் போட்டு, ஃபைல் பெயரிலேயே ‘ஆபீஸ் பிரிண்டருக்கு மட்டும்’ என்று எழுதி வையுங்கள். வெளி அச்சகத்துக்குப் போவது எப்போதும் ஒரிஜினல்தான்.

எந்த பேப்பர் என்று பிரிண்டரிடம் சொல்லாதது

ட்ரேயில் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டையை வைத்துவிட்டு, டிரைவரில் ‘பிளெய்ன் பேப்பர்’ என்றே விட்டுவிடுவார்கள். லேசர் பிரிண்டரில் டோனர் பொடியை உருக்கித் தாளில் ஒட்டவைப்பது பியூசர், சுமார் 200 டிகிரி சூட்டில். அட்டை தடிமனானது, சூட்டை நிறைய இழுத்துக்கொள்ளும். ‘திக்’ என்று சொன்னால் மிஷின் தாளை மெதுவாக ஓட்டி, வேண்டிய சூட்டைக் கொடுக்கும். சொல்லாவிட்டால் டோனர் அரைகுறையாக உருகும். நிறம் மங்கும், பளபளப்பு இருக்காது, மடிப்பில் பொடி உதிரும். விசிட்டிங் கார்டை நகத்தால் ஒரு கீறு கீறிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

70, 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் பேப்பரில் கலர் போஸ்டர் எடுத்துவிட்டு டல் என்று சொல்வதும் இதே வகைதான். 100 ஜிஎஸ்எம், வழவழப்பான லேசர் பேப்பரில் அதே ஃபைலை எடுத்துப் பாருங்கள், மிஷின் மாறியதோ என்று தோன்றும்.

இன்னொன்று. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ரீமைப் பிரித்துத் திறந்தபடி போட்டால் தாள் ஈரம் இழுக்கும். பெரிய நிறப் பரப்பு திட்டுத் திட்டாக வரும். வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கவரோடு சுற்றி வையுங்கள்.

இங்க்ஜெட் போட்டோ பேப்பரை லேசரில் போடுவது

போடாதீர்கள். பூச்சு உருகி பியூசரில் ஒட்டும், பியூசர் விலையை விசாரித்துவிட்டு மேலே பேசலாம்.

ஒரே கலரை இரண்டு இடத்தில் திருத்துவது

போட்டோஷாப்பிலோ அக்ரோபாட்டிலோ பிரிண்ட் கொடுக்கும்போது கலரை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கும். சாஃப்ட்வேரா, பிரிண்டரா, யாராவது ஒருவர்தான் பார்க்க வேண்டும். சாஃப்ட்வேரிடம் கொடுத்துவிட்டு, டிரைவரிலும் கலர் கரெக்ஷனை ஆன் செய்தே விட்டால் நிறம் இரண்டுமுறை மாற்றப்படும். முகங்கள் சிவந்தோ வெளிறியோ வரும். ஆபீஸ் பிரிண்டருக்குத் தனி ஐசிசி புரொஃபைல் (அந்த மிஷின் எந்த நிறத்தை எப்படி அடிக்கிறது என்று அளந்து எடுத்த ஃபைல்) எடுத்து வைத்திருப்பவர்கள் சாஃப்ட்வேரிடம் விடலாம். மற்ற எல்லாரும் பிரிண்டரிடமே விடுங்கள்.

இதோடு ஒட்டிய பழக்கம் ஒன்று: ‘பிரிண்ட் என்றால் சிஎம்ஒய்கே’ (பிரிண்டரின் அந்த நான்கு நிறங்கள்) என்று எங்கோ கேட்டுவிட்டு, வேர்டிலும் பவர்பாயிண்டிலும் வைக்கிற போட்டோவைக்கூட சிஎம்ஒய்கே ஆக்கி அனுப்புவது. ஆஃப்செட்டுக்கு அச்சகம் கேட்டால் கொடுங்கள். விண்டோஸிலிருந்து ஆபீஸ் பிரிண்டருக்குப் பெரும்பாலும் போவது ஆர்ஜிபிதான், அதாவது ஸ்கிரீனின் மூன்று நிறங்கள். நீங்கள் மாற்றியதை வழியில் திரும்ப ஆர்ஜிபி ஆக்கி, பிரிண்டர் மறுபடியும் அதன் நான்கு நிறமாக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் நிறம் போகும். போட்டோ எஸ்ஆர்ஜிபியில் (சாதாரண ஸ்கிரீன்களுக்கான பொது ஆர்ஜிபி) இருந்தால் போதும், பெரும்பாலான ஆபீஸ் பிரிண்டர் டிரைவர்கள் அதைத்தான் எதிர்பார்க்கின்றன. கேமராவில் அடோபி ஆர்ஜிபி (அதைவிட அகலமான நிற வரம்பு) வைத்து எடுத்த படமா? எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் நிறம் செத்துப்போய் வரும்.

டோனர் சேவ் மோட்

கலருக்கு அணையுங்கள்.

சாம்பல் நிறத்தில் ரோஸ் தட்டுவது

அட்டவணைகளில் இடுகிற சாம்பல் பட்டையைப் பிரிண்டர் பல நேரம் நான்கு டோனரையும் கலந்து செய்கிறது. ஒன்று கொஞ்சம் ஏறினாலும் சாயல் தட்டும், எழுத்தின் ஓரத்தில் நிறம் கசிந்த மாதிரி தெரியும். டிரைவரில் சாம்பலைக் கருப்பு டோனரில் மட்டும் அடிக்க ஒரு வசதி இருக்கும். ஆபீஸ் ரிப்போர்ட்டுக்கு அதுதான் சரி, கலர் டோனரும் மிஞ்சும். போட்டோவுக்கு மட்டும் நான்கையும் விட்டுவிடுங்கள், கருப்பு மட்டும் என்றால் நிழல்கள் சொரசொரப்பாகிவிடும்.

மஞ்சள் பல்பின் கீழ் கலர் பார்ப்பது

அச்சுத்துறையில் நிறம் பார்க்க வைத்திருக்கிற வெளிச்சம் 5000 கெல்வின். ஆபீஸில் அது இருக்காது. காலை பத்து பத்தரைக்கு, வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம் போதும். ரிசப்ஷனின் மஞ்சள் விளக்கில் ஒத்துப்போகிற இரண்டு தாள்கள் வெளியே வந்ததும் வேறு வேறாகத் தெரியலாம். வாடிக்கையாளர் எங்கே வைத்துப் பார்ப்பாரோ அந்த வெளிச்சத்திலும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஓகே வாங்குங்கள். ஓகே வாங்கிய தாளிலேயே கையெழுத்தும் வாங்குங்கள். ‘அன்னைக்கு வேற மாதிரி இருந்துச்சே’ என்பார்கள்.

இங்க்ஜெட் வைத்திருப்பவர்களுக்கு

கோடு விழுந்தால் முதலில் நாசில் செக், அதாவது இங்க் தெளிக்கிற துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டுகிற சோதனைப் பக்கம். அதில் விட்டுப்போயிருந்தால் மட்டும் ஹெட் கிளீனிங், அதுவும் இரண்டு மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். ஒவ்வொரு தடவையும் இங்க் வீணாகி உள்ளே இருக்கிற வேஸ்ட் பேடில்தான் போய்ச் சேரும், அது நிரம்பினால் பிரிண்டர் நின்றுவிடும். தீரவில்லை என்றால் சில மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது எடுத்துவந்தால் இந்தத் தொல்லை பாதி வராது. எடுத்த கையோடு நிறத்தை எடைபோடாதீர்கள். இங்க் காயக் காய சாயல் கொஞ்சம் மாறும், போட்டோ பேப்பர் என்றால் மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம்.