நேர்கோடுகளால் அசைவை வரைதல்

அசையாத தாளின் மேல் அசைவைக் காட்டும் அரூப ஓவியங்களுக்குக் கைத்திறனைவிட அளவுச் சுத்தமே அதிகம் தேவைப்படுகிறது. விக்டர் வசரேலி 1930களிலேயே வரிக்குதிரைகளைக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளால் மட்டுமே உருவாக்கிக் காட்டினார். 1965இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய பெரிய கண்காட்சிக்குப் பிறகு இவ்வகை ஓவியங்கள் ‘ஆப் ஆர்ட்’ (ஆப்டிகல் ஆர்ட் என்பதன் சுருக்கம்) என்ற பெயரில் பரவலாக அறியப்பட்டன. இவற்றைப் பார்ப்பவர்களில் பலர், பின்னணியில் கடினமான கணிதம் இருப்பதாக எண்ணித் தயங்கிவிடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலான படங்களில் இருப்பது ஒரே ஓர் எளிய விதிதான்: மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்துக்கொண்டு, ஓர் அளவை மட்டும் படிப்படியாக மாற்றுவது. தொடங்குபவர்கள் கட்டத்தின் அகலம், உயரம், நிறம், கோணம் ஆகிய நான்கையும் ஒரே படத்தில் மாற்றிப் பார்க்கிறார்கள். அப்போது கண் பற்றிக்கொள்வதற்கு எந்த ஒழுங்கும் மிஞ்சாததால், படம் அசைவதற்குப் பதிலாகக் குழம்பிப்போகிறது.

தேவையான பொருள்கள் குறைவு. வழவழப்பான, தடித்த வெள்ளை வரைதாள், அரை மில்லிமீட்டர் வரை நம்பி அளக்கக்கூடிய உலோக அளவுகோல், மூலைமட்டம், கோணமானி, கவராயம், கூர்மையான பென்சில், கறுப்பு டெக்னிக்கல் பேனா, பளபளப்பில்லாத கறுப்பு அக்ரிலிக் வண்ணம், ஒரு தட்டைத் தூரிகை ஆகியவை போதும். பளபளப்பான கறுப்பைத் தவிர்க்க வேண்டும். அதில் விளக்கொளி பிரதிபலிக்கும் இடம் சாம்பல் நிறமாகத் தெரிவதால், படம் முழுவதும் நம்பியிருக்கும் கறுப்பு வெள்ளை வேறுபாடு அங்கே உடைந்துவிடும்.

முதல் படம்: மடிந்து உள்வாங்கும் சதுரங்கக் கட்டம்

பிரிட்ஜெட் ரைலி 1961இல் வரைந்த ‘மூவ்மென்ட் இன் ஸ்கொயர்ஸ்’ என்ற ஓவியத்தில் எல்லாக் கட்டங்களின் உயரமும் ஒன்றே. அகலம் மட்டும் ஓரிடத்தை நோக்கிக் குறுகிக்கொண்டே போய் மீண்டும் விரிகிறது. அந்த ஒரு மாற்றத்தினால் தட்டையான பலகை இரண்டு உருளைகள் சந்திக்கும் பள்ளத்தைப் போலத் தோன்றுகிறது. அவருடைய படத்தை நகலெடுக்காமல், அதே கொள்கையை நாமே கணக்கிட்டு வரைவது நல்ல தொடக்கப் பயிற்சியாகும்.

அகலங்களை எப்படிக் குறைப்பது என்பதுதான் முக்கியமான கேள்வி. ஒவ்வொரு கட்டத்துக்கும் 2 மில்லிமீட்டர் குறைத்துக்கொண்டே போனால் குறுகல் தெரியும், ஆனால் உருட்சி தெரியாது. உருளை ஒன்றைச் சுற்றிச் சம அகலக் கட்டங்களை ஒட்டி நேராகப் பார்ப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நமக்கு நேர் எதிரே உள்ள கட்டங்கள் முழு அகலத்துடன் தெரியும். விளிம்பை நெருங்கும் கட்டங்கள் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஒடுங்கும். இந்த ஒடுக்கத்தைத் தருவது சைன் அட்டவணை. 100 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருளையில் பத்துப் பத்துப் பாகையாகப் பிரித்தால், உருளையின் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு கோடும் விழவேண்டிய தொலைவு 17.4, 34.2, 50, 64.3, 76.6, 86.6, 94, 98.5, 100 மில்லிமீட்டர் ஆகும். முதல் கட்டம் 17.4 மில்லிமீட்டர் அகலமாக இருக்க, ஒன்பதாவது கட்டம் வெறும் 1.5 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுவதைக் கவனியுங்கள்.

ஏ3 தாளில் 200 மில்லிமீட்டர் அகலமும் 204 மில்லிமீட்டர் உயரமும் உள்ள செவ்வகத்தைப் பென்சிலால் மெலிதாக வரைந்து, உயரத்தைப் 17 மில்லிமீட்டர் வீதம் பன்னிரண்டு வரிசைகளாகப் பிரியுங்கள். பிறகு இடது விளிம்பை உருளையின் நடுக்கோடாக, அதாவது பூஜ்ஜியமாகக் கொண்டு மேலே சொன்ன தொலைவுகளை வலப்புறமாகக் குறித்தால், நூறாவது மில்லிமீட்டரில் படத்தின் நடுப்பகுதி வந்துவிடும். வலது விளிம்பிலிருந்து இடப்புறமாகவும் அவ்வாறே குறியுங்கள். ஒவ்வொரு குறியையும் முந்தைய குறியிலிருந்து அளக்காமல், எப்போதும் விளிம்பிலிருந்தே அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர் தவறினால்கூட ஒன்பது முறைகளில் அது 2 மில்லிமீட்டருக்கு மேல் சேர்ந்துவிடும். மிகக் குறுகிய கட்டங்கள் இருக்கும் நடுப்பகுதியில் அந்தப் பிழை ஒரு கட்டத்தையே விழுங்கிவிடும்.

கோடுகள் முடிந்ததும் உடனே வண்ணத்தை எடுக்காதீர்கள். கறுப்பாக்க வேண்டிய கட்டங்கள் அனைத்திலும் பென்சிலால் ஒரு சிறு பெருக்கல் குறியை இட்டுவிட்டு, தாளைத் தள்ளி வைத்து ஒருமுறை பாருங்கள். 216 கட்டங்களில் ஒரே ஒன்று மாறிப்போனாலும் பார்ப்பவரின் கண் நேராக அந்தக் கட்டத்துக்கே போகும், அதைத் திருத்த வழியும் இருக்காது. அதன் பின் கட்டங்களின் விளிம்புகளை டெக்னிக்கல் பேனாவால் வரைந்து, உட்புறத்தைத் தூரிகையால் நிரப்புங்கள். பேனாவின் மைக்கோடு கறுப்புக் கட்டத்தின் உள்ளே விழ வேண்டும். வெளியே விழுந்தால் ஒவ்வொரு வெள்ளைக் கட்டமும் இருபுறமும் கோட்டின் பருமன் அளவுக்குக் குறையும், 1.5 மில்லிமீட்டர் கட்டத்தில் அது பெரிய இழப்பு. பெரிய அளவில் பலகையில் செய்பவர்கள் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் ஓரத்தில் முதலில் வெள்ளை வண்ணத்தைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் கறுப்பைப் பூசலாம். டேப்பின் அடியில் கசிவது வெள்ளையாக இருப்பதால் கறுப்பின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல வரும்.

இப்படி நடுவில் மடியும் படம் சரியாக வந்த பிறகு மடிப்பை நகர்த்திப் பாருங்கள். இடப்பக்க அளவுகளை 1.3ஆலும் வலப்பக்க அளவுகளை 0.7ஆலும் பெருக்கினால் மொத்த அகலம் மாறாமலே மடிப்பு வலப்புறம் தள்ளிப்போகும். நடுவில் மடிந்த படம் ஒரு வடிவியல் பாடம்போலத் தோன்றினால், தள்ளி மடிந்த படமே ஓவியமாகத் தோன்றுகிறது என்பது என் கருத்து.

கண்ணுக்கு எவ்வளவு வேலை கொடுக்கலாம்

கறுப்பு வெள்ளைப் பட்டைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது பார்ப்பவரின் தொலைவைச் சேர்த்தே கணக்கிட வேண்டிய செய்தி. நம் பார்வையின் ஒரு பாகைக்குள் ஏறத்தாழ மூன்று சோடிப் பட்டைகள் (ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்தது ஒரு சோடி) விழும்போது கண்ணுக்கு ஏற்படும் உறுத்தல் மிகுதியாக இருக்கிறது. 50 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு பாகை என்பது சுமார் 8.7 மில்லிமீட்டர் என்பதால், 1.5 மில்லிமீட்டர் கறுப்பும் 1.5 மில்லிமீட்டர் வெள்ளையுமாக வரும் கோடுகள் அந்தத் தொலைவில் மிகக் கடுமையாக மினுமினுக்கும். அதே மினுமினுப்பை 2 மீட்டர் தொலைவில் வேண்டுபவர்கள் பட்டைகளை நான்கு மடங்கு, அதாவது 6 மில்லிமீட்டராக, அகலப்படுத்த வேண்டும். இத்தகைய பட்டைகள் ஒற்றைத் தலைவலியையும், ஒளித்தூண்டலால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு வலிப்பையும் தூண்டக்கூடும். ஆகவே வரைபவர் அடிக்கடி கண்ணை விலக்கி ஓய்வு கொடுப்பதும், படத்தைப் பொது இடத்தில் மாட்டும்போது முன்னறிவிப்பு ஒன்றை வைப்பதும் அவசியம்.

மினுமினுப்பே இல்லாமல் கண்ணை ஏமாற்றும் வழியும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு சிற்றுண்டிச் சாலையின் ஓடு பதித்த சுவரில் கண்டதை ரிச்சர்ட் கிரெகரியும் பிரிசில்லா ஹெர்டும் 1979இல் ஆராய்ந்து எழுதினார்கள். 20 மில்லிமீட்டர் சதுரங்களைக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு வரிசை வரைந்து, அடுத்த வரிசையை 10 மில்லிமீட்டர் வலப்புறம் நகர்த்தி, அதற்கடுத்ததை மீண்டும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, வரிசைகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் சாம்பல் கோட்டை இடுங்கள். இணையான அந்தக் கோடுகள் ஆப்புகளைப்போல ஒரு பக்கம் ஒடுங்கியும் மறுபக்கம் விரிந்தும் தெரியும். முன்னும் பின்னுமாக நகர்த்தாமல் எல்லா வரிசைகளையும் ஒரே திசையில் நகர்த்திக்கொண்டே போனால் கோடுகள் அனைத்தும் ஒரே பக்கமாகச் சாயும். சாம்பல் நிறம் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட வெளிச்சத்தில் இருப்பது முக்கியம்.

வண்ணத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடலாம். சிவப்பும் பச்சையும்போல நிறத்தில் விலகி, வெளிச்சத்தில் ஒத்திருக்கும் இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் ஓரம் நடுங்குவதுபோலத் தெரியும். வெளிச்சம் ஒத்திருக்கிறதா என்பதை அறிய, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பூசிக் கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இடையிலுள்ள ஓரம் ஏறக்குறைய மறைந்தால் சரியான கலவை கிடைத்துவிட்டது. இதை வடிவப் பயிற்சிகள் கைவந்த பிறகு செய்வதே நல்லது.

இரண்டு தாள்கள் சேர்ந்து வரையும் மூன்றாவது படம்

ஒரே மாதிரியான இரண்டு கோட்டுத் தொகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சற்றே திருப்பினால், இரண்டு தாள்களிலும் இல்லாத அகலமான பட்டைகள் தோன்றும். இதை மொய்ரே என்கிறார்கள். நீரலை போன்ற மினுக்கம் கொண்ட ஒரு துணி வகையிலிருந்து வந்த பெயர். கணினியில் 1 மில்லிமீட்டர் கறுப்பும் 1 மில்லிமீட்டர் இடைவெளியுமாகக் கோடுகளை அமைத்து, ஒன்றை வெள்ளைத் தாளிலும் மற்றொன்றை ஒளி ஊடுருவும் ஷீட்டிலும் அச்சிடுங்கள். அச்சிடும்போது ‘பக்கத்துக்குள் பொருத்து’ என்ற தேர்வை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கோடுகளின் அளவு மாறிவிடும்.

ஒரு கறுப்புக் கோட்டின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரையுள்ள இடைவெளியை (இங்கே 1 + 1 = 2 மில்லிமீட்டர்), திருப்பிய கோணத்தில் பாதியின் சைன் மதிப்பைப் போல் இரு மடங்கால் வகுத்தால் பட்டையின் அகலம் கிடைக்கும். 2 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள கோடுகளை 10 பாகை திருப்பினால் சுமார் 11.5 மில்லிமீட்டர், 5 பாகைக்கு 23, 2 பாகைக்கு 57 மில்லிமீட்டர் எனப் பட்டைகள் விரியும். திருப்புதல் குறையக் குறையப் பட்டை பெருகுவதால், மிகச் சிறிய கை அசைவுகூடப் பெரிய அசைவாகத் தெரிகிறது. நேர்கோடுகளுக்குப் பதிலாகச் சம இடைவெளி கொண்ட பொதுமைய வட்டங்களை இரண்டு தாள்களிலும் வரைந்து மையங்களைச் சற்று விலக்கினால், அதிபரவளையங்கள் (ஹைபர்போலா எனப்படும் திறந்த வளைகோடுகள்) இரு மையங்களுக்கும் நடுவே விசிறிபோல விரியும். நேர்கோட்டில் பழகியவர்கள் இதில்தான் நெடுநேரம் விளையாடுவார்கள். இப்படங்களைக் கைபேசியில் பதிவு செய்யும்போது கேமராவின் புள்ளிக்கட்டமும் மூன்றாவது தாளாகச் சேர்ந்து, நேரில் இல்லாத அலைகளைப் படத்தில் காட்டக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டு தாள்களையும் ஒட்டிவிட்டால் பட்டைகள் உறைந்துபோகும். அதற்குப் பதிலாக இரண்டுக்கும் இடையில் வெற்றிடம் விட்டுச் சட்டமிடுவது சிறந்தது. வெனிசுவேலாவைச் சேர்ந்த ஹெசூஸ் ரஃபாயேல் சோத்தோ 1950களில் கண்ணாடி போன்ற பிளெக்சிகிளாஸ் தகடுகளைக் கொண்டு இவ்வழியில் படைப்புகளைச் செய்தார். வெள்ளைத் தாளைப் பலகையில் ஒட்டி, ஷீட்டை ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகட்டில் பொருத்தி, நான்கு மூலைகளிலும் 20 மில்லிமீட்டர் கட்டைகளை வைத்துத் தகட்டை முன்னால் நிறுத்துங்கள். 2 மீட்டர் தொலைவில் நிற்பவர் பக்கவாட்டில் 20 சென்டிமீட்டர் நகர்ந்தால், முன்தாள் பின்தாளுக்கு எதிராக 2 மில்லிமீட்டர், அதாவது சரியாக ஒரு கோட்டு இடைவெளி, விலகியதாக அவருக்குத் தெரியும். உடனே பட்டைகளும் ஒரு முழுப் படி நகரும். கோடுகளை ஏறத்தாழச் செங்குத்தாக நிறுத்தியிருந்தால் பட்டைகள் கிடையாக அமையும் என்பதால், பார்ப்பவர் பக்கவாட்டில் நடக்க, படத்தில் உள்ளவை மேலேறவோ கீழிறங்கவோ செய்யும். முன்தாளை எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறோம் என்பதே அந்தத் திசையைத் தீர்மானிப்பதால், திருகாணிகளை இறுக்குவதற்கு முன் இரண்டு பக்கமும் திருப்பி, எதிரே நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.